மச்சினன் பிடிக்காத கயிறு

எழுபத்திநாலாம் வருஷம் மே மாதம், பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாள், பகல் இரண்டு மணிக்கு நான் பொன்னுதுரை அண்ணாச்சியின் கடற்கரைச் சாலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மேல்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, முகத்தைத் துடைத்து, தலையைச் சீவிக்கொண்டு உள்ளே போனேன். பெரிய மனுஷர் வீட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்பு. அந்தத் தலைசீவலை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆவிக்கதை சொல்கிறவர்கள் நடுங்கிக்கொண்டு சொல்வார்கள். நானும் நடுங்கியவன்தான். ஆனால் ஐந்து வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பது பயத்தால் இல்லை, ஆத்திரத்தால். யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் என் பெயரும் உண்டு.

என் பெயர் தேவதாசன். ஊர் நாசரேத். அப்போது தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. பள்ளிக்கூடக் கமிட்டியில் பொன்னுதுரை அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம். அவர் கூப்பிட்டனுப்பினால் போகாமல் இருக்க முடியுமா?

வீடு பழைய வீடு. கீழே ஒரு காலத்தில் சங்கு குவித்து வைத்த கிடங்கு. மாடியில் நீளமான ஹால். அதற்குப் புதிதாக வெள்ளையடித்து, சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டு, வாசலில் ‘ஜீவமணி அம்மாள் நினைவு மன்றம்’ என்று எழுதியிருந்தார்கள். ஜீவமணி அம்மாள் அண்ணாச்சியின் மனைவி. இறந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியும் திடமான உடம்பு. வலது கை மோதிரத்தில் சதுரமான சிவப்புக்கல்.

“வாரும் வாத்தியாரே. மெட்ராஸ்லேர்ந்து வந்த ஒரு ஆளு, எம் பெஞ்சாதி வரைஞ்சது பெரிய மாடர்ன் ஆர்ட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். நமக்கு ஒரு மண்ணும் புரியல. நீர் பாத்து ஒரு பக்கம் எழுதித் தாரும். யுத்தம் முடிஞ்ச மறுவருஷம் வரைஞ்சது. சமாதானம், அது இதுன்னு நல்ல அர்த்தமா இருக்கணும், கேட்டீரா?”

“சரி அண்ணாச்சி.”

“இதை வரைஞ்ச பொறவு வாயே தொறக்கல. ஆறு மாசத்துல போய்ட்டா.” கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தார். “ஜூன்ல கமிட்டி கூடுது. உம்ம வேலை விஷயம் ஞாபகம் இருக்கு.”

அவர் இறங்கிப் போன பிறகு படத்தின் மேல் கிடந்த துணியை எடுத்தேன்.

கப்பல் பாய்த்துணியில் வரைந்தது. ஆறடி உயரம், கனமான தேக்குச் சட்டம். படம் முழுக்கச் சாம்பல் கலந்த பச்சை, கீழே போகப் போகக் கறுப்பு. நடுவில் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டில் இடையிடையே நொடிப்புகள், கோடு சட்டென்று வெட்டி மடங்கிய இடங்கள். எண்ணினேன், பதினொன்று. மேலே இருப்பவை பெரியவை. இறங்க இறங்கச் சிறுத்து, பதினொன்றாவது கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. அதற்குக் கீழே கோடு தொய்ந்து சுருண்டு கிடந்தது. கோட்டின் மேல் நுனியில் ஒரு வெளிறிய திட்டு, அதற்குள் நகத்தளவு சிவப்புச் சதுரம். இடது ஓரத்தில், கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரு காவி உருண்டை. அதன் மேல் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டை.

எங்கள் ஊர்க்காரனுக்கு நெட்டுக்குத்தலாக எதைக் காட்டினாலும் பனைமரமாகத்தான் தெரியும். முதலில் பனை என்றுதான் நினைத்தேன். பிறகு படித்த புத்தி வேலை செய்தது. காவி உருண்டை, சமாதானம் என்னும் சூரியன். கறுப்புப் பட்டை, விலகிப் போகும் யுத்த மேகம். சிவப்பு, சிந்திய ரத்தம். வெள்ளைக் கோடு, வானத்திலிருந்து மனிதகுலத்தின் மேல் இறங்கும் ஒளி. எனக்கே புல்லரித்தது. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

‘ஒளி’ என்று எழுதி முடிக்கும்போது யாரோ என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு சுண்டு சுண்டினார்கள்.

பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

ஹாலில் யாரும் இல்லை.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிடுவார்கள். சதை கரைந்து போன பிறகுதான் அலசி முத்து எடுக்க முடியும். அந்தக் குவியலின் நாற்றத்தை ஒருமுறை மோந்தவன் மறக்க மாட்டான். வெள்ளையடித்த சுண்ணாம்பு வாசனையை விலக்கிக்கொண்டு அது வந்தது. எங்கிருந்தோ ஏழெட்டு ஈக்கள் வந்து படத்தின் அடிப்பாகத்தில் உட்கார்ந்தன. விரலால் துணியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. நக்கிப் பார்த்தேன், உப்பு.

உச்சி வெயில், சாப்பிடாத வயிறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் எழுதி முடித்தேன். அதற்குள் இன்னும் இரண்டு தடவை சுண்டியது.

திங்கட்கிழமை படத்தைச் சுவரில் ஏற்ற வேண்டும். பன்னிரண்டடி உயரத்தில் ஆணி. துறைமுகத்தில் கப்பி கட்டிப் பாரம் தூக்குகிற ஒருவரை நானே தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன். பெயர் மரியான். ஐம்பது வயசிருக்கும். அதிகம் பேசாத மனுஷர். உத்திரத்தில் கப்பியை மாட்டி, கயிற்றைச் சட்டத்தில் முடிந்து, இழுக்கப் போகும் முன் படத்தின் மேலிருந்த துணியை நான் விலக்கினேன்.

மரியான் கயிற்றை விட்டார். படத்துக்கு முன்னால் நின்று, உதடு அசைய, ஒவ்வொரு நொடிப்பாக எண்ணினார். பதினொன்று வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சார், இதை வரைஞ்சது யாரு?”

“ஜீவமணி அம்மாள். அண்ணாச்சி வீட்டம்மா.”

“அந்த அம்மா லாஞ்சில முன்பக்கம் அணியத்துல உக்காந்திருந்தாவ. குடை பிடிச்சுக்கிட்டு.” மூச்சு வாங்கியது அவருக்கு. “சார், இந்தக் காவி உருண்டை இருக்குல்லா, இது நான்தான்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது.

முத்தோ சங்கோ குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கினால், தோணியில் ஒருவன் அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே இருப்பவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். அதனால் கயிற்றைப் பிடிப்பவன் குளிக்கிறவனின் மச்சினனாகத்தான் இருப்பான். அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். அப்பனைக்கூட நம்ப மாட்டார்கள், மச்சினனை நம்புவார்கள். இது அந்தக் கரையின் வழக்கம். பனங்காட்டுக்காரனான எனக்கு இது தெரியாது.

மரியானின் அக்காள் பிளாரன்ஸ். அவள் புருஷன் கஸ்பார். யுத்தத்தில் ஒரு சரக்குக் கப்பல் செம்புப் பாளங்களோடு மூழ்கியிருந்தது. நாற்பத்தாறில் அதை வெளியே எடுக்கும் காண்ட்ராக்ட் பொன்னுதுரைக்குக் கிடைத்தது. கஸ்பார் கோணிச்சாக்கோடு இறங்கினார். மரியான் கயிற்றைப் பிடித்தார்.

“கப்பலு வயித்துக்குள்ள போவணும் சார். இருட்டு. அத்தான் சுண்டுன ஒடனே நான் இழுத்துருவேன். சாக்கு பாதிதான் நிரம்பியிருக்கும். அண்ணாச்சிக்குக் கோவம். ‘மச்சினன் பிடிச்சா வேலை ஓடாதுலே, நகரு’ன்னு கயித்தைப் புடுங்கி அவரே பிடிச்சிக்கிட்டாரு. நான் பாய்ஞ்சேன். ரெண்டு பேரு என்னய அமுக்கிப் பிடிச்சானுவ. வலைக்குப் போடுத காவிச் சாயத்துல முக்குன சட்டை போட்டிருந்தேன் அன்னைக்கு.”

காவி உருண்டை. குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டை.

“அத்தான் பதினோரு தடவை சுண்டுனாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். அவரு இழுக்கல. பொறவு கயிறு தொய்ஞ்சிட்டு. கயித்தை அப்படியே கடல்ல போட்டுட்டு, மச்சினன்காரன் விட்டுட்டான்னு கரையில வந்து சொல்லிட்டாரு. லாஞ்சில இருந்தவன் பூரா அவரு ஆளு. எவன் எனக்குச் சாட்சி சொல்லுவான்?”

வெளிறிய திட்டைப் பார்த்தேன். அது ஒரு கை. சிவப்புச் சதுரம் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அதைத்தான் யுத்தத்தில் சிந்திய ரத்தம் என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி நேரில் பார்த்ததை அப்படியே வரைந்து வைத்திருக்கிறாள். ஆளும் படகுமாக வரைந்திருந்தால் புருஷன் அன்றைக்கே கொளுத்தியிருப்பான். புரியாதபடி வரைந்ததால் பரணில் போட்டு வைத்தான். இப்போது மாலை போடப் பார்க்கிறான்.

“அக்கா இருவத்தெட்டு வருஷமா எங்கூடப் பேசல சார். வார திங்கக்கெழம அவ மக கிரேசிக்குக் கல்யாணம். அத்தான் போகும்போது வயித்துல இருந்த பிள்ளை. தாய்மாமன் நான் உசிரோட இருக்கேன், பந்தலுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டா. அக்காவை ஒரு தடவை இங்கன கூட்டிட்டு வாங்க. நான் கூப்பிட்டா வரமாட்டா. இதுக்குக் கீழ ஏதோ எழுதி வைக்கப் போறியளாமே, அதுல உள்ளதை எழுதுங்க சார்.”

நான் எழுதியது ஏற்கனவே அச்சுக்குப் போய்விட்டது என்று சொன்னேன்.

இந்த வரியை எழுதும்போது பேனா லேசாக இழுபட்டது. ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. இருக்கட்டும், சொல்லிக்கொண்டே போகிறேன்.

அந்த வாரம் முழுக்கப் பட்டப்பகலில் எனக்குச் சுண்டியது. டீக்கடையில் கிளாஸைப் பிடித்திருந்தபோது ஒன்று. குளிக்கையில் ஒன்று. சட்டை தேய்க்கும்போது இரண்டு. மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு பதிந்த தடம் விழுந்து, தோல் ஊறி வெளுத்தது. வியாழக்கிழமைக்குள் பத்து ஆகிவிட்டது. பதினொன்றுக்குப் பிறகு என்ன என்று படத்தில் பார்த்திருந்தேன்.

துறைமுகத்துக்கு ஓடி மரியானிடம் கையைக் காட்டினேன். அவர் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“அத்தான் ஒங்களை அடிக்கல சார். கூப்பிடுதாரு. சுண்டுனா இழுன்னு அர்த்தம். இப்ப ஒங்க கையிலதான் கயிறு இருக்கு.”

வெள்ளிக்கிழமை காலையில் பிளாரன்ஸ் அம்மாளின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி பெயரைச் சொன்னதும் கையில் இருந்த மீனை ஓங்கினார்.

“அவன் பேரை இங்கன சொல்லாதிய. எம் பிள்ள அப்பன் மொகம் பாக்கல அவனால.”

“கயிற்றை யார் பிடித்தது என்று ஒரு படத்தில் இருக்கிறது அம்மா. பார்த்தவர் வரைந்தது. பார்த்துவிட்டு என்னை அடியுங்கள்.”

ஓங்கிய மீனைக் கீழே போட்டார். பிறகு கையைக் கழுவினார்.

மறுநாள்தான் திறப்பு விழா. நாங்கள் போனபோது ஹாலில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. படத்துக்குக் கீழே என் விளக்கம், கண்ணாடி போட்டுத் தொங்கியது. அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏளா, நீ கஸ்பார் பெண்டாட்டியில்லா? இங்கன என்ன சோலி ஒனக்கு?”

பிளாரன்ஸ் அம்மாள் தலையை நிமிர்த்தினார். படத்தைப் பார்த்தார். கடற்கரைக்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மேலிருந்து கீழே ஒரே ஒருமுறை பார்த்தார். பிறகு காவி உருண்டையை. பிறகு சிவப்பை.

“அண்ணாச்சி, இந்தச் செவப்பு என்னது?”

“யுத்தத்துல சிந்துன ரத்தம். வாத்தியார் எழுதியிருக்காருல்லா.”

“ரத்தம் சதுரமாவா சிந்தும்?”

அவர் முகம் மாறியது. முதல் தடவையாக அவர் அந்தப் படத்தை உண்மையிலேயே பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“பைத்தியம் பிடிச்சவ கிறுக்குனது அது. ஒம் புருஷனை விட்டது ஒந்தம்பி. ஊருக்கே தெரியும்.”

அவர் வலது கை முன்னால் துள்ளியது.

திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம்.

கையை வேட்டி மடிப்புக்குள் சொருகினார். மடிப்பைக் கிழித்துக்கொண்டு கை வெளியே வந்தது.

நாற்றம் ஹாலை நிறைத்தது. படத்தின் அடிச்சட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சிவப்புத் தரையில் ஓடி வந்தது. ஈக்கள் அவர் மோதிரத்தில் மொய்த்தன.

“மூணு,” என்றார் பிளாரன்ஸ் அம்மாள். “நாலு.”

ஐந்து.

ஆறு.

ஏழாவதில் அண்ணாச்சி இரண்டு கையாலும் எதையோ இறுக்கிப் பிடித்தார். காலை அகட்டி ஊன்றினார். குனிந்து, படகின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்ப்பவராகத் தரையைப் பார்த்தார். வாயிலிருந்து வந்தது எழுபது வயசுக் குரல் இல்லை.

“பொறுலே! சாக்கு நிரம்பட்டும்!”

எட்டு.

“பொறுலே கஸ்பாரு! நிரம்பாம இழுக்க மாட்டேன்!”

ஒன்பது. பத்து.

பதினொன்று மிகவும் லேசானது. விரல் நுனி மட்டும் அசைந்தது.

பிறகு அவர் கை தானாக விரிந்தது. எதுவோ நழுவித் தண்ணீரில் விழுந்த சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அவர் ஈரத் தரையில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

பிளாரன்ஸ் அம்மாள் அழவில்லை. அவர் முகத்துக்கு நேரே குனிந்தார்.

“இருவத்தெட்டு வருஷமா எந்தம்பிக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க விடலியேடா, பாவி.”

இறங்கி, வெயிலில் செருப்பில்லாமல் நடந்து, நேரே மரியான் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை பந்தலில் தாய்மாமன் நின்றார். அவர் மாலையை எடுத்துக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை. சனிக்கிழமை விழா ஜாம்ஜாம் என்று நடந்தது. பொன்னுதுரை கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மாலை வாங்கிக்கொண்டார். வழக்குப் போடலாம் என்று போனால், படம் கூண்டேறிச் சாட்சி சொல்லுமா என்று வக்கீல் சிரித்தார். ஜூன் மாதம் என் வேலை போயிற்று. பொன்னுதுரை இன்னும் நாலு வருஷம் இருந்து, போன வருஷம் படுக்கையில்தான் செத்தார். வலது கை மட்டும் அன்றிலிருந்து தண்ணீரில் ஊறிய கையாகவே இருந்தது என்றும், மோதிரத்தைக் கழற்ற முடியாமல் அதோடேயே புதைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். போதாது. எனக்கு அது போதாது.

என் விளக்கம் அச்சடித்த அந்த அட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. எத்தனை தடவை போய்க் கேட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, ‘சமாதானம் என்னும் சூரியன்’ என்று நோட்டில் எழுதவைத்தார்கள். மரியானைச் சூரியன் என்று எழுதினார்கள் அந்தப் பிள்ளைகள். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் பத்தோடு நின்றிருந்தது. ஐந்து வருஷமாக ஒன்றும் இல்லை. தடம்கூட ஆறிவிட்டது.

இன்றைக்கு, அச்சுக்குப் போய்விட்டது என்று எழுதினேனே, அங்கே சுண்டியது. மிகவும் லேசாக.

அதுதான் பதினொன்று.

சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் விளக்கம் அச்சுக்குப் போகவில்லை. மரியான் தரையில் உட்கார்ந்து கதை சொல்லி முடிக்கும் வரை அந்தத் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் காலை தலையைச் சீவிக்கொண்டு போய், ஒரு எழுத்தையும் மாற்றாமல் நானே அச்சகத்தில் கொடுத்தேன். ஜூன் மாதக் கமிட்டியை நினைத்துக்கொண்டு கொடுத்தேன். கஸ்பார் பதினோரு தடவை சுண்டியும் பொன்னுதுரை இழுக்கவில்லை. நானும்தான் இழுக்கவில்லை.

கயிறு தொய்ந்துவிடும் என்று காத்திருந்தேன். தொய்யவில்லை. கை கனக்கிறது. மேசையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அறைக்குள் சிப்பி நாற்றம். ஒவ்வொரு வரிக்கும் கயிறு ஒரு முழம் மேலே வருகிறது. ஈரம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது.

மறுமுனையில் பாரம் இருக்கிறது. இழுத்துக்கொண்டிருக்கிறேன்.